மீந்த சோற்றை மாட்டுக்கு வைக்கலாமா? கூடவே மகளின் நோட்டுக் கேள்விகள்

கேள்விக்கூடை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் இல்லை. மாமனார் மாமியாரோடு வந்து தங்கி நாலு மாதம் ஆகிறது. பின்கட்டில் இரண்டு பசு, ஒரு கிடேரிக் கன்று. என் மகளுக்குப் பத்து வயது. பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு நேராகத் தொழுவத்துக்குத்தான் போகிறாள்.

விஷயம் இதுதான். நேற்று விருந்தாளிகள் வந்து போனதில் ஒரு அண்டா சோறு மீந்துவிட்டது. கொட்ட மனம் வரவில்லை. மாட்டுக்காவது ஆகட்டும் என்று தூக்கிக்கொண்டு போனேன். மாமனார் வாசலிலிருந்தே சத்தம் போட்டார்: "ஒரு கை போடு போதும், அண்டாவை வைக்காதே!" ஏன் என்று கேட்டதற்கு, "மாட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த மாடு கயிறு அறுந்துவிடும் போல இழுத்துக்கொண்டு அண்டாவை நோக்கிக் கழுத்தை நீட்டுகிறது. அதற்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, அப்புறம் ஏன் ஆகாது? தவிடும் புண்ணாக்கும் ஆகும், சோறு ஆகாதா?

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் தன் பங்குக்கு நோட்டை நீட்டிவிட்டாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"வெறும் புல்லைத் தின்று மாடு எப்படி இவ்வளவு பெரிசாகிறது? நான் புல் தின்றால் நானும் பெரிசாவேனா? மாட்டுக்கு நாலு வயிறாமே, நாலு தடவை பசிக்குமா? எங்கள் மாட்டுக்கு மேல்பல்லே இல்லை, யாராவது உடைத்துவிட்டார்களா? போன வாரம் அது ஒரு எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது, மாடு கறி தின்னுமா? புல் பச்சை, பால் ஏன் வெள்ளை? மாட்டுக்கறி வைத்த தட்டில் சிவப்பாக வடிவது ரத்தமா?"

கடைசிக் கேள்வியை எங்கிருந்து பிடித்தாள் என்று தெரியவில்லை. எதற்கும் என்னிடம் பதில் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா_ஒருவன் எழுதியது:

புல், வைக்கோல், தண்ணீர். மாட்டுச் சாப்பாடு அவ்வளவுதான். சோறு வைத்தால் ஒன்றும் ஆகாது, எங்கள் வீட்டு மாடு காகிதம் வரைக்கும் தின்றிருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது. மாமனார்கள் எதற்கெடுத்தாலும் சத்தம் போடத்தான் செய்வார்கள்.

தொழுவம் எழுதியது:

தம்பி சும்மா_ஒருவன், காகிதம் தின்றும் நன்றாக இருப்பது உங்கள் மாட்டின் அதிர்ஷ்டம். அதைப் பார்த்து இன்னொருவர் அண்டாவைக் கொண்டுபோய் வைத்துவிடப் போகிறார்கள்.

அம்மா, உங்கள் மாமனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காரணம் சொல்லாமல் போனதைப் பெரிதுபடுத்தாதீர்கள். எங்களைப் போன்றவர்களுக்குக் கை அறிந்தது வாய்க்கு வராது. நான் 31 வருடமாக மாடு வைத்திருக்கிறேன். முதல் பத்து வருடம் எனக்கும் காரணம் தெரியாது. ஒரு நல்ல மாட்டைக் கிட்டத்தட்ட சாகக் கொடுத்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் பாப்பாவின் நோட்டு.

புல்லைத் தின்று மாடு எப்படிப் பெரிசாகிறது? உண்மையில் புல்லைச் செரிக்கிறது மாடு இல்லை. புல்லில் இருக்கிற நாரை உடைக்கும் சாறு நம் வயிற்றிலும் சுரப்பதில்லை, மாட்டின் வயிற்றிலும் சுரப்பதில்லை. மாட்டின் முதல் வயிறு ஒரு பெரிய பானை. வளர்ந்த பசுவுக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடானுகோடி குடியிருக்கின்றன. மாடு புல்லை உள்ளே தள்ளுகிறது, கிருமிகள் அதைப் புளிக்க வைக்கின்றன. புளிக்கும்போது வருகிற அமிலங்கள்தான் மாட்டுக்குச் சாப்பாடு. ஆக, நீங்கள் தீவனம் போடுவது மாட்டுக்கு என்று நினைக்கிறீர்கள். அது முதலில் போய்ச் சேருவது அந்தக் கிருமிகளுக்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மாட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். பாப்பா புல் தின்றால் பெரிசாக மாட்டாள், வயிறுதான் வலிக்கும். அவள் வயிற்றில் அந்தப் பானை இல்லை.

மேல்பல்லை யாரும் உடைக்கவில்லை. எந்த மாட்டுக்கும் முன்பக்கம் மேல்பல் கிடையாது. கீழே எட்டுப் பல், மேலே தடித்த ஈறு மட்டும். கடைவாயில் மேலும் கீழும் பல் உண்டு, அங்கே கையை விட்டுப் பார்க்க வேண்டாம். மாடு மேயும்போது பக்கத்தில் குனிந்து பாருங்கள். நாக்கை அரிவாள் போல வளைத்துப் புல்லைச் சுற்றிப் பிடிக்கும், கீழ்ப்பல்லை மேல் ஈறில் அழுத்தித் தலையை ஒரு வெட்டு வெட்டும். சரக் என்று ஒரு சத்தம் கேட்கும். மென்றதும் மெல்லாததுமாக உள்ளே போகும்.

மெல்லுவது அப்புறம். மாடு படுத்து ஓய்வாக இருக்கும்போது கழுத்தின் இடது பக்கத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். அடியிலிருந்து மேலாகத் தோலுக்குள் ஒரு எலி ஓடுவது போல ஒரு உருண்டை ஏறும். வாய்க்கு வந்ததும் தாடை பக்கவாட்டில் அரைக்க ஆரம்பிக்கும். ஐம்பது அறுபது அரைப்பு, பிறகு விழுங்கும். சில நொடி சும்மா இருக்கும். மறுபடி எலி ஏறும். இதுதான் அசைபோடுவது. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் இதே வேலை.

இந்த அசைபோடுவதில்தான் உங்கள் சோற்றுக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மாடு மெல்ல மெல்ல உமிழ்நீர் ஊறும். ஒரு நாளைக்கு நூறு லிட்டரைத் தாண்டும் என்றால் நம்புவீர்களா? அந்த உமிழ்நீரில் சோடா உப்பு இருக்கிறது. பானைக்குள் ஊறுகிற புளிப்பை அதுதான் மட்டுப்படுத்துகிறது. வைக்கோலும் தட்டையும் சொரசொரப்பு, மென்றே ஆகவேண்டும், உமிழ்நீர் கொட்டும். சோறும் மாவும் ரொட்டியும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மெல்லவும் வேண்டாம், அசைபோடவும் வேண்டாம். அதோடு அவை படுவேகமாகப் புளிக்கும். புளிப்பு ஏறுகிறது, அதை அடக்க உமிழ்நீர் இல்லை. நார் தின்கிற கிருமிகள் அந்தப் புளிப்பில் செத்துப்போகும், புளிப்பிலேயே பிழைக்கிற கிருமிகள் பெருகும். பானையே கெட்டுப்போய்விடும்.

இனி என் கதை. செவலை என்று ஒரு பசு. ஈன்று இரண்டு மாதம், நல்ல கறவை. அரைத்துக் கொண்டுவந்த மக்காச்சோள மாவு மூட்டையைத் தொழுவத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தது நான்தான். இரவில் முடிச்சு நெகிழ்ந்து, அது மூட்டையில் பாதியைத் தின்று முடித்திருக்கிறது. காலையில் போனால் மாடு நின்றுகொண்டிருக்கிறது, ஆனால் குடிகாரன் மாதிரி ஆடுகிறது. கண் உள்ளே போயிருந்தது. இடது விலா பறை மாதிரி இறுக்கம். சாணம் தண்ணீராக, சாம்பல் நிறத்தில், காடி வாடையோடு. அசை இல்லை. வைக்கோலை மூக்கருகில் நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் ஊற்றச் சொன்னார், இன்னொருவர் பட்டினி போடு சரியாகிவிடும் என்றார். நல்லவேளை, எதையும் செய்யாமல் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் ஊசி போட்டார், நரம்பில் பாட்டில் ஏற்றினார், சோடா உப்பு கரைத்து ஊற்றினார். அதெல்லாம் எனக்கு ஆச்சரியமில்லை. மறுநாள் வந்து செய்ததுதான் ஆச்சரியம். பக்கத்தில் கட்டியிருந்த கருப்பி என்கிற கிழட்டு மாட்டின் வாய் வழியாகக் குழாய் விட்டு, அதன் வயிற்றிலிருந்து மூன்று நாலு லிட்டர் பச்சைத் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, சூடு ஆறுவதற்குள் செவலைக்கு ஊற்றினார். "உன் மாட்டுப் பானையில் குடியிருந்தவர்கள் எல்லாம் காலி. கருப்பியிடம் கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன்" என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் செவலையின் கழுத்தில் அந்த எலி ஓடியதைப் பார்த்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாடு பிழைத்தது. ஆனால் குளம்பு வீங்கி நாலைந்து மாதம் தாங்கித் தாங்கித்தான் நடந்தது, கறவை பழையபடி திரும்பவே இல்லை. பானையில் ஊறின அமிலம் குளம்பில் போய் வலிக்கும் என்று நான் எங்கே கண்டேன்?

அதனால்தான் ஒரு கை சோறு பரவாயில்லை, அண்டா கூடாது. மாடு ஆசைப்படுகிறதே என்கிறீர்கள். குழந்தையும்தான் மிட்டாய் டப்பாவைப் பார்த்து ஆசைப்படும். தவிடும் புண்ணாக்கும் ஆகாத பொருள் இல்லை, அளவோடு, வைக்கோல் தின்ற பிறகு. எந்தப் புதுத் தீவனமாக இருந்தாலும் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கிருமிகள் பழக அவ்வளவு நாள் ஆகும்.

அளவு கேட்பவர்களுக்கு: தண்ணீரை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், ஒரு நாள் தீவனம் மாட்டின் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு. 400 கிலோ மாடு என்றால் 10 முதல் 12 கிலோ. பசுந்தீவனத்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான், அதனால் பசும்புல்லும் வைக்கோலும் ஒரே தராசில் நிற்காது. 25 கிலோ பசும்புல், நாலைந்து கிலோ வைக்கோல், மேலே இரண்டு கிலோ போல அடர்தீவனம் என்றால் கணக்கு சரியாக வரும். கறவைக்குத் தக்கபடி அடர்தீவனம் கூடும். தண்ணீருக்குக் கணக்கே வேண்டாம், எப்போதும் தொட்டியில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பால் கறக்க நாலு லிட்டர் போலத் தண்ணீர் குடிக்கும்.

சோளத்தட்டை போடுகிறவர்களாக இருந்தால் இன்னொன்று. முழங்கால் உயரத்து இளம்பயிரையும், காய்ந்து கருகி மழைக்குப் பிறகு துளிர்த்ததையும் போடவே கூடாது. அதில் சயனைடு நஞ்சு ஊறும். நின்ற மாடு நின்ற இடத்தில் விழும். பூத்த பிறகு அறுத்தால் அந்தப் பயம் குறைவு.

எலும்பு கடித்தது கறி ஆசையால் இல்லை. பெரும்பாலும் உடம்பில் பாஸ்பரஸ் குறைந்திருக்கிறது. மண் தின்பதும், சுவரை நக்குவதும், துணியைச் சவைப்பதும் இந்தச் சாதிதான். தாது உப்புக் கலவை தினமும் தீவனத்தில் கலக்கிறார்களா என்று மாமனாரிடம் கேளுங்கள். சத்தம் போட்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

கறிக் கேள்விகளை மருந்துப்பை பார்த்துக்கொள்வார். படித்தவர்.

மருந்துப்பை எழுதியது:

தொழுவம் அண்ணா எழுதிய பிறகு எனக்கு மிச்சம் வைத்தது கொஞ்சம்தான். நான் கால்நடை மருத்துவர், செவலைக்கு வந்தவர் நானில்லை.

ஒரு சின்னத் திருத்தம். மாட்டுக்கு நாலு வயிறு இல்லை, நாலு அறை உள்ள ஒரு வயிறு. அண்ணா சொன்ன பானை ரூமன். அதை ஒட்டித் தேன்கூடு மாதிரி உட்சுவர் கொண்ட ரெட்டிகுலம், புத்தக ஏடுகள் போல மடிப்பு மடிப்பாக ஒமேசம், கடைசியாக நம் வயிற்றைப் போலவே அமிலம் சுரக்கிற அபோமேசம். குடல் கறி சுத்தம் செய்திருக்கிறவர்களுக்கு மூன்றும் கையாலேயே தெரியும்: கம்பளித் துண்டு போலச் சொரசொரப்பாக இருப்பது ரூமன், கட்டம் கட்டமாக இருப்பது ரெட்டிகுலம், ஏடு ஏடாகப் பிரிவது ஒமேசம்.

பால் குடிக்கிற கன்றுக்கு இந்தப் பானை இன்னும் வேலை செய்யாது. கன்று முலையைச் சப்பும்போது ஒரு மடிப்பு வாய்க்கால் போல மூடிக்கொண்டு, பாலை ரூமனில் விழவிடாமல் நேராகக் கடைசி அறைக்குக் கொண்டுபோகும். பாலாடைக்கட்டி செய்யக் காலங்காலமாகப் பயன்பட்ட ரென்னெட் அந்த அறையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இப்போது பெரும்பாலும் அதே நொதியை நுண்ணுயிர் கொண்டு தயாரிக்கிறார்கள்.

அண்ணா விட்ட ஒன்று: மாடு கிருமிகளுக்குத் தீனி போடுவதோடு நிற்பதில்லை, அந்தக் கிருமிகளையும் தின்கிறது. ரூமனிலிருந்து புல்லோடு சேர்ந்து அடித்துவரப்படும் கிருமிகள் கடைசி அறையிலும் குடலிலும் செரித்துப் புரதமாகின்றன. மாட்டுக்குக் கிடைக்கிற புரதத்தில் பெரும்பங்கு இதுதான். பாலிலும் கறியிலும் இருக்கிற பி12 வைட்டமினும் அந்தக் கிருமிகள் செய்ததே. அந்த வகையில் பார்த்தால் மாடு சுத்த சைவம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்! ஈன்ற பசு தன் நஞ்சுக்கொடியைத் தின்னும். அது தொண்டையில் சிக்க வாய்ப்பு உண்டு, விழுந்ததும் எடுத்துவிடுவது நல்லது.

"கறி தின்னுமா" என்ற கேள்வி விளையாட்டுக் கேள்வி இல்லை. மனிதர்கள் மாட்டுக்குக் கறியும் எலும்பும் அரைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். புரதம் மலிவாகக் கிடைக்கிறது என்று செத்த கால்நடைகளின் எச்சத்தை அரைத்துத் தீவனத்தில் கலந்தார்கள். 1986இல் பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் கண்டறியப்பட்டது. மூளை பஞ்சு போல ஓட்டை விழுந்து மாடு தள்ளாடிச் சாகும். 1988இல் அசைபோடும் விலங்குகளின் எச்சத்தை அவற்றுக்கே தீவனமாகக் கொடுப்பதை அங்கே தடை செய்தார்கள். அதற்குள் நோய் பரவியிருந்தது; பிரிட்டனில் மட்டும் 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு அது உறுதியானது. 1996இல் மனிதர்களுக்கு வந்த ஒரு புதுவகை மூளை நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக அந்நாட்டு அரசே அறிவித்தது. இந்த நோய்க்காரணி கிருமி இல்லை, மடிப்பு மாறிய ஒரு புரதம். சமைத்தால் சாகாது. அதனால்தான் மூளை, தண்டுவடம் போன்றவற்றை உணவுக்குப் போகவிடாமல் பல நாடுகளில் தனியே அகற்றுகிறார்கள்.

தட்டில் வடியும் சிவப்பு ரத்தம் இல்லை. அறுக்கும்போதே ரத்தம் பெரும்பாலும் வடிந்துவிடும். தசைக்குள் பிராண வாயுவைப் பிடித்துவைக்கிற மையோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் உண்டு, அது தண்ணீரோடு கசிகிறது. கோழியின் மார்புக்கறியில் அது மிகக் குறைவு, அதனால் வெளுப்பு. கறி பழுப்பானால் கெட்டுவிட்டது என்றும் அர்த்தமில்லை, காற்றுப் பட்டு நேரமானால் அந்தப் புரதம் நிறம் மாறும். மூக்கையும் விரலையும் நம்புங்கள்: வாடை, பிசுபிசுப்பு.

வேகாத கறியில் பயப்பட வேண்டியது வேறு. மாட்டுக்கறி வழியாக வருகிற நாடாப்புழுவின் இளம்புழுக்கள் அடங்கிய பைகள் தசையில் வெள்ளைப் பரு மாதிரி இருக்கும். நன்றாக வேகவைத்தால் சாகும். துண்டுக்கறிக்கு உட்பகுதி 63 டிகிரி செல்சியஸ் வந்து மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும் என்றும், கொத்துக்கறிக்கு 71 வேண்டும் என்றும் அமெரிக்க வேளாண் துறை சொல்கிறது. இந்த வித்தியாசம் ஏன்? துண்டுக்கறியில் கிருமி வெளிப்பரப்பில் இருக்கும், சூடு முதலில் படுவது அங்கேதான். கொத்தும்போது வெளியில் இருந்ததெல்லாம் உள்ளே போய்விடுகிறது.

பால் வெள்ளையாக இருப்பது அதில் மிதக்கிற புரத, கொழுப்புத் துணுக்குகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். புல்லின் நிறம் எங்கேயும் போய்விடவில்லை. வெண்ணெயைப் பாருங்கள். பசும்புல் மேய்ந்த பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும், அது புல்லின் கரோட்டின். எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது, அதனால் எருமை வெண்ணெய் வெள்ளை.

எலும்பை விட எனக்குக் கம்பியும் ஆணியும்தான் கவலை. மாடு மெல்லாமல் விழுங்குவதால் வைக்கோலோடு வந்த ஆணியும் உள்ளே போகும், கனமானது நேராகத் தேன்கூட்டு அறையில் விழும். அந்த அறைக்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் என்ற மெல்லிய சுவர்தான். அறை சுருங்கும்போது ஆணி முன்னால் குத்தும். முழங்கையை வெளியே விரித்து நிற்கும், சரிவில் இறங்கப் பயப்படும் மாட்டைப் பார்த்தால் தாமதிக்காதீர்கள். விரல் அளவு காந்தம் ஒன்றை விழுங்கவைப்பது உண்டு, ஆணியைப் பிடித்துக்கொண்டு ஆயுள் முழுக்க அங்கேயே கிடக்கும். பிளாஸ்டிக் பையைப் பிடிக்கக் காந்தம் இல்லை. அறுவை செய்து கூடை கூடையாக எடுத்திருக்கிறேன், கயிறு திரித்தது போல இறுகிக் கிடக்கும்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒரு கிலோ மாட்டுக்கறிக்கு 15,000 லிட்டர் தண்ணீர், மூட்டை மூட்டையாகத் தானியம், போதாததற்கு மாடு விடும் வாயு பூமியைச் சூடாக்குகிறது. மனிதன் தின்ன வேண்டியதை மாடு தின்கிறது. இதையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தொழுவம் எழுதியது:

சொல்லிக்கொடுப்போம், ஆனால் முழுசாக.

வாயு உண்மைதான். பானை புளிக்கும்போது மீத்தேன் வரும், ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு 250 முதல் 500 லிட்டர். நீங்கள் நினைக்கிற வழியாக அல்ல, பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியாக. அது மாட்டுக்கும் நஷ்டம், தின்றதன் சக்தியில் ஒரு பங்கு காற்றோடு போகிறது. இந்த விஷயத்தில் மாட்டுக்காக நான் வாதாட மாட்டேன்.

தண்ணீர்க் கணக்கு சரி, 15,400 லிட்டர் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புல்வெளியிலும் தீவனப் பயிரிலும் பெய்கிற மழை. குழாயைத் திறந்து ஊற்றியது போலப் படிக்கக் கூடாது.

தானியம்? ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகத்தில் கால்நடைகள் தின்பதில் நூற்றுக்கு 86 பங்கு மனிதன் தின்ன முடியாதது. புல், வைக்கோல், தட்டை, எண்ணெய் ஆட்டிய சக்கை. நெல்லை நாம் எடுத்துக்கொண்டு வைக்கோலை அதற்குப் போடுகிறோம். அதே கணக்கில்தான், எலும்பு நீக்கிய ஒரு கிலோ கறிக்கு அசைபோடுகிற விலங்குகள் மனிதன் தின்னக்கூடிய தீவனத்தில் சராசரியாக 2.8 கிலோ தின்கின்றன என்றும் இருக்கிறது. கோழியும் பன்றியும் 3.2 கிலோ. ஆகவே உங்கள் கோபத்தில் பாதி நியாயம். கொழுக்க வைப்பதற்காகக் கொட்டிலில் அடைத்து மக்காச்சோளம் போடுகிற மாடு வேறு, வரப்பில் மேய்கிற மாடு வேறு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதாதீர்கள். அப்படிச் சோளம் போட்டு வளர்ப்பவர்களும் என் செவலை பட்ட பாட்டுக்கு விளிம்பிலேயே மாட்டை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கேள்விக்கூடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அண்டா விஷயத்தை மாமனாரிடம் உமிழ்நீர், சோடா உப்பு என்று விளக்கிச் சொன்னேன். "அதைத்தானே நான் சொன்னேன்" என்றார். தாது உப்பு தீர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். இன்று வாங்கி வந்துவிட்டார், சத்தம் இல்லை.

மகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாட்டின் எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நோட்டில் 57, 61, 48, 59 என்று இருக்கிறது. 48க்குப் பக்கத்தில் "ஈ வந்துவிட்டது" என்று குறிப்பு. எலியும் பார்த்தாளாம். அவளுடைய புதுக் கேள்வி: அசைபோடும்போது மாடு ஏன் கண்ணைப் பாதி மூடிக்கொள்கிறது?

தொழுவம் எழுதியது:

அது அரைத்தூக்கம். மாடு நன்றாகத் தூங்குவது நாளைக்கு நாலு மணி நேரம் போலத்தான். மற்றபடி இப்படி அசைபோட்டுக்கொண்டே கண் சொக்கிக் கிடக்கும். அந்த நேரத்தில் கிட்டே போய்த் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள்.

எழுந்து நிற்கும்போது ஒன்று செய்யலாம். மாமனார் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதில் கை முட்டியை அழுத்தி வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்குள் உள்ளேயிருந்து ஏதோ புரண்டு கையைத் தூக்கிவிடும், ஒரு தடவையோ இரண்டு தடவையோ. பானை கிண்டுகிறது. அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், நிமிடத்துக்கு எத்தனை என்று. பின்னங்கால் பக்கம் மட்டும் நிற்க வேண்டாம்.